ஒரு வெள்ளைப் பூச்சி மூன்றான கதை

ஐரோப்பாவின் வண்ணத்துப்பூச்சிகளைப் போல மனிதர்கள் விடாமல் பார்த்து எழுதிவைத்த பூச்சிகள் உலகில் குறைவு. முந்நூறு ஆண்டுகளாகப் பாதிரியார்களும் மருத்துவர்களும் பள்ளி ஆசிரியர்களும் வலையோடு அலைந்து பிடித்து, ஊசியில் கோத்து, ஊரும் தேதியும் எழுதி, மரப்பெட்டிகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அப்படி அலசப்பட்ட கண்டத்தின் பட்டியலில் 2011-ஆம் ஆண்டு ஓர் இனம் கூடியது. ஆள் போகாத மலையுச்சி எதிலும் அது ஒளிந்திருக்கவில்லை. அயர்லாந்தின் சாலையோரப் புல்லிலிருந்து கஜகஸ்தான் வரை எல்லோர் கண்ணெதிரிலும் பறந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகங்களிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தது, வேறொரு இனத்தின் பெயர்ச்சீட்டைச் சுமந்தபடி.

லெப்டிடியா ஜுவெர்னிகா என்பது அதன் பெயர். அது ஏட்டில் பிறப்பதற்கு வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் காலத்திலிருந்து கணக்கிட்டால் 253 ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறப்புக்கு முன் இன்னொன்று பிறக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொன்றுக்கு ஒரு முறைக்கு இரண்டு முறை பெயர் வைக்க வேண்டிவந்தது. அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரண்டு பூச்சிகளை எதைக் கொண்டு இரண்டு இனம் என்று சொல்கிறோம், எப்போது அப்படிச் சொல்ல நமக்கு உரிமை வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் கதை வேறொன்றை நான் அறியேன்.

கதையின் நாயகன் ஒரு சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் நான்கு சென்டிமீட்டர் இருக்கும். உடல் ஒல்லி, இறக்கை நீளவாக்கில் குறுகல், பறப்பது மெதுவாக, தடுமாறுவதுபோல. ஆணின் முன்னிறக்கை நுனியில் கரும்புள்ளி ஒன்று உண்டு. உட்காரும்போது எப்போதும் இறக்கையை மூடியே உட்காரும். அதனால் மேல்பக்கத்தைப் பார்க்கவேண்டுமானால் பறக்கும்போதுதான் பார்க்கவேண்டும். ஆங்கிலேயர்கள் இதை வுட் ஒயிட் என்கிறார்கள். நாம் இங்கே காட்டு வெள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

1758-இல் லின்னேயஸ் தம் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் இதற்குச் சினாபிஸ் என்று பெயரிட்டார். நம் தோட்டத்து முட்டைக்கோஸ் வெள்ளைக்கு இது உறவுதான், ஆனால் தூரத்து உறவு. இதன் புழு தின்பது முட்டைக்கோஸ், கடுகு வகையை அல்ல. பட்டாணிக் குடும்பத்துச் செடிகளை. இதன் பேரினமான லெப்டிடியாவுக்கு வெளியே உள்ள நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வாழ்கின்றன. இவையெல்லாம் சேர்ந்த துணைக்குடும்பத்தில் பழைய உலகத்தில் இருக்கும் ஒரே பேரினம் லெப்டிடியாதான். இவ்வளவு தனித்து நிற்கும் பூச்சியாக இருந்தும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த இருநூறு ஆண்டுகள் யாரும் ஐயப்படவில்லை. இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் இறக்கையின் சாயல் கொஞ்சம் மாறும். வசந்தத்தில் வருபவை சற்று அழுத்தமாகவும், கோடையில் வருபவை வெளிறியும் இருக்கும். மாறும் பூச்சி என்று எழுதிவைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் முதல் இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. ஓர் இனத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. வெயிலும் ஈரமும் புழு தின்ற செடியும் வளர்ந்த வேகமும் இறக்கையில் தெரியும். இரண்டு இனங்களுக்கு இடையிலான வேறுபாடு அதைவிடச் சிறியதாக இருந்தால், கண் அதைக் காணவே காணாது. ஆயிரம் மாதிரிகளை வரிசையாக வைத்தாலும் வெளிறியதிலிருந்து அழுத்தமானதுவரை ஒரே தொடர்ச்சியாகத்தான் தெரியும். அறிவியல் இவற்றை மறைவினங்கள் என்கிறது. 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் இவற்றை உடன்பிறப்பு இனங்கள் என்று அழைத்து, இனம் என்பதற்கு உருவம் அளவுகோல் அல்ல, தங்களுக்குள் கலந்து இனம்பெருக்குவதும் பிறரோடு கலவாதிருப்பதுமே அளவுகோல் என்று வலியுறுத்தினார். கேட்க எளிது. வயலில் பறக்கும் பூச்சி யாரோடு கலக்கிறது, யாரோடு கலக்கவில்லை என்று யார் போய்ப் பார்ப்பது?

வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர்கள் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஆணின் வயிற்று நுனியில் கடினமான கொக்கி, குழல், தகடு என்று பல உறுப்புகள் இருக்கின்றன. இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். காய்ந்த பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்தால் தசையும் கொழுப்பும் கரைந்து இந்த உறுப்புகள் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியில் வைத்து அளக்கலாம். இறக்கை பொய் சொன்னாலும் பிறப்புறுப்பு பொய் சொல்லாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

அந்தக் கலையில் பேர்போனவர் குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரத்து ஸ்ட்ராவ்கோ லோர்கோவிச். 1900-ஆம் ஆண்டில் பிறந்தவர். பிறப்புறுப்பை அளப்பதோடு நிற்காமல், வண்ணத்துப்பூச்சிகளின் உயிரணுவுக்குள் போய்க் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்த முன்னோடி. ஒரே உருவம் கொண்ட பூச்சிகளுக்குள் வேறு வேறு இனங்கள் இருக்கின்றன என்பதை ஐரோப்பாவின் பல குழுக்களில் காட்டியவர்.

1988-இல் பிரெஞ்சுக்காரரான பியர் ரியால் காட்டு வெள்ளையை அப்படி ஒரு நாள் உள்ளே பார்த்தார். பிரான்ஸின் தென்கோடியில், கிழக்குப் பிரனீஸ் மலைப்பகுதியில் பிடித்த ஆண்களுக்குள் இரண்டு வகை இருந்தது. ஒரு வகையில் ஆணுறுப்பின் குழல் குட்டை, இன்னொன்றில் நீளம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். ஆனால் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் பறக்கும் பூச்சிகளில் இடைப்பட்ட அளவு இல்லாமல் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பெண்களிலும் உட்குழாய் அதற்கு ஏற்பக் குட்டையும் நீளமுமாக இருந்தது. ரியால் இது புது இனம் என்று அறிவித்து, தம் முன்னோடிக்கு மரியாதையாக லோர்கோவிசியை என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிப்படி ஒரு பேரினத்துக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது. 1932-லேயே பைஃபர் என்பவர் இன்னொரு லெப்டிடியாவின் துணையினத்துக்கு லோர்கோவிச்சின் பெயரை வைத்துவிட்டிருந்தார். இறுதி எழுத்தில் இருந்த சிறு வேறுபாடு விதியின் கண்ணில் வேறுபாடே அல்ல. ஆகவே எட்வர்ட் ரைசிங்கர் 1989-இல் பழைய பெயரை நீக்கி, கண்டுபிடித்தவரின் பெயரையே சூட்டினார். லெப்டிடியா ரியாலி பிறந்தது. லோர்கோவிச் தம் பெயர் கைநழுவியதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. 1993-இல், தம் 93-ஆம் வயதில், இந்தப் புது இனத்தை நிலைநாட்டி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். அவருடைய கட்டுரைக்குப் பிறகுதான் ஐரோப்பா முழுவதும் ஆய்வாளர்கள் தத்தம் பெட்டிகளைத் திறந்தார்கள்.

அந்தத் தேடல் பல நாடுகளில் ஒரே மாதிரி முடிந்தது. பழைய சினாபிஸ் மாதிரிகளின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்த்தால், குட்டைக் குழலோடு சிலவும் நீளக் குழலோடு சிலவும் இருந்தன. சுவீடன், போலந்து, செக் நாடு என்று பட்டியல் நீண்டது. காய்ந்துபோன பூச்சிகளை, இனி அவற்றால் என்ன பயன் என்று எறியாமல், ஊரும் தேதியும் அழியாமல் காத்துவைத்தவர்களின் உழைப்பு அப்போதுதான் முழுப் பலன் தந்தது. புகைப்படத்தை வேகவைத்துப் பார்க்க முடியாது.

அயர்லாந்தின் கதை இதில் தனியாகச் சொல்லத் தக்கது. பிரிட்டனின் காட்டு வெள்ளை மரம் அடர்ந்த காடுகளில், வெயில் விழும் பாதையோரங்களில் வாழ்வது. அங்கே அது வேகமாகக் குறைந்துவந்தது. அயர்லாந்திலோ அதே பூச்சி திறந்த புல்வெளிகளிலும், சாலையோரங்களிலும், கைவிடப்பட்ட ரயில் பாதைகளிலும் நன்றாகவே இருந்தது. ஒரே இனம் இரண்டு தீவுகளில் இப்படி இரண்டு குணம் காட்டுமா? 2001-இல் விடை கிடைத்தது. அயர்லாந்தின் பெரும்பகுதியில் பறந்தது நீளக் குழல் கொண்ட ரியாலி. பிரிட்டனில் இருப்பதெல்லாம் சினாபிஸ். சினாபிஸ் அயர்லாந்திலும் இருக்கிறது, ஆனால் மேற்கே பர்ரென் என்னும் சுண்ணாம்புப் பாறை வெளியிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மட்டும். ஒரே பெயரின் கீழ் எண்ணியபோது, அந்தப் பாறை வெளிக்குள் மட்டும் அடங்கி நின்ற சிறு கூட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

இவ்வளவும் செத்த பூச்சி சொன்னது. உயிருள்ள பூச்சி என்ன சொல்கிறது? உறுப்பின் நீளம் மாறினால் பூட்டுக்குச் சாவி பொருந்தாமல் கலப்பு தடைப்படும் என்று முதலில் பலர் கருதினார்கள். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் விக்லண்டும் மாக்னே ஃபிரிபெரியும் கூண்டுக்குள் இரு இனத்தையும் விட்டுப் பார்த்தபோது, விவகாரம் பூட்டு வரைக்கும் போகவே இல்லை என்று தெரிந்தது.

காட்டு வெள்ளையின் காதல் பார்க்கத் தகுந்தது. ஆண் பெண்ணுக்கு நேர் எதிரே வந்து, முகத்தோடு முகம் பார்த்து உட்காரும். சுருண்ட உறிஞ்சுகுழலை நீட்டி, தலையை இடமும் வலமுமாக ஆட்டும். பெண்ணின் இறக்கை ஓரங்களைக் குழல் மாறி மாறித் தீண்டும். பெண் அசையாமல் இருக்கும். சம்மதம் என்றால் வயிற்றை வளைத்து ஆண் பக்கம் நீட்டும். சம்மதம் இல்லை என்றால் ஆண் எத்தனை நிமிடம் ஆடினாலும் ஒன்றும் நடக்காது. கடைசியில் ஆண் பறந்துபோகும்.

ஆண்கள் இனம் பார்ப்பதில்லை. எதிரே இருப்பது எந்த இனத்துப் பெண்ணானாலும் அதே ஆட்டம், அதே முனைப்பு. பெண் மட்டுமே பார்க்கிறது. தன் இனத்து ஆணை ஏற்கிறது, மற்றதை மறுக்கிறது. 2008-இல் வெளியான அந்த ஆய்வில் வேற்றினத்து ஆணுக்குப் பெண்கள் இணங்கவில்லை. லின்னேயஸால் முடியாததை, இருநூறு ஆண்டுச் சேகரிப்பாளர்களால் முடியாததை, புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் பெண் பூச்சி பிழையில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஆண்களின் குழப்பத்துக்கும் விலை உண்டு என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். எண்ணிக்கையில் குறைந்த இனத்தின் மேல் மற்ற இனத்து ஆண்களின் வீண் காதல் சுமையாக விழுகிறது. சுவீடனில் சினாபிஸ் காட்டிலும் புல்வெளியிலும் வாழ, அடுத்த இனம் புல்வெளியோடு நின்றுகொள்வதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. வேறு நாடுகளில் இந்த இடப் பிரிவினை வேறு மாதிரி அமைகிறது. அதனால் காட்டில் பார்த்தால் இது, வெளியில் பார்த்தால் அது என்று சூத்திரம் போட முடியாது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இரண்டு இனம், உறுப்பில் வேறுபாடு, பெண்ணின் சாட்சியம். பாடநூல்களில் மறைவினத்துக்கு எடுத்துக்காட்டாகவே இந்த இணை இடம்பெறத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில்தான் பார்சிலோனாவின் பரிணாம உயிரியல் நிறுவனத்தில் விளாட் தின்கா, ரோஜர் விலா, ஜெரார்ட் தலவேரா ஆகியோரும், ரஷ்யாவின் குரோமோசோம் ஆய்வாளர் விளாதிமிர் லுக்தானவும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து திரட்டிய காட்டு வெள்ளைகளின் மரபணுவைப் படித்தார்கள். பூச்சியின் ஒரு கால் போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துவிடலாம். மாதிரிகள் இரண்டு கூட்டமாகப் பிரியும் என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்றாகப் பிரிந்தன.

ரியாலி என்று உலகம் அழைத்துவந்ததற்குள் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி என்று தென்மேற்கோடு நிற்பது. மற்றொன்று அயர்லாந்திலிருந்து கிழக்கே கஜகஸ்தான் வரை பரவியிருப்பது. தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அப்படிச் சொன்னது. உட்கருவின் டிஎன்ஏவும் அதையே சொன்னது. குரோமோசோம் எண்ணிக்கையும் ஒத்துப்போனது. தென்மேற்கு இனத்தில் அது 50-ஐச் சற்றுத் தாண்டும்; பரவலான இனத்தில் 80-ஐத் தாண்டும். ஆனால் 1988 முதல் எல்லோரும் நம்பிய பிறப்புறுப்பை அளந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பொய் சொல்லாது என்ற சாட்சி, பாதியைத்தான் சொல்லியிருந்தது.

அதைவிட வியப்பான செய்தி உறவுமுறையில் இருந்தது. உறுப்பு ஒத்துப்போகும் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் அல்ல. தென்மேற்கு ரியாலிக்கு உண்மையான உடன்பிறப்பு குட்டைக் குழல் சினாபிஸ்தான். மூன்றாவது இனம் அவை இரண்டிலிருந்தும் முன்பே பிரிந்துபோனது. உருவ ஒற்றுமையை உறவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதற்குமேல் பாடம் வேண்டாம்.

இனி யாருக்கு எந்தப் பெயர்? ரியால் விவரித்த மாதிரி கிழக்குப் பிரனீஸில் பிடித்தது. அங்கே இருப்பது தென்மேற்கு இனம். ஆகவே ரியாலி என்ற பெயர் அதற்கே உரியது. பரவலான மூன்றாவது இனத்துக்குப் புதுப் பெயர் தேவைப்படவில்லை. 1946-இல் வில்லியம்ஸ் என்பவர் அயர்லாந்துப் பூச்சிகளைச் சினாபிஸின் துணையினமாக விவரித்து ஜுவெர்னிகா என்று பெயரிட்டிருந்தார். அயர்லாந்துக்கான பழைய லத்தீன் பெயரிலிருந்து வந்த அந்தச் சொல் 65 ஆண்டுகள் ஓர் ஓரத்தில் கிடந்தது. பழைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. 2011-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் கட்டுரை வந்தபோது லெப்டிடியா ஜுவெர்னிகா முழு இனமாக எழுந்து நின்றது. பத்தே ஆண்டுகளுக்குமுன் ரியாலி என்று மாற்றி எழுதிய அயர்லாந்துக்காரர்கள் தங்கள் ஏடுகளை மறுபடியும் திருத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இன்று மறைந்திருக்கும் காட்டு வெள்ளை என்ற பொருளில் பெயர் வழங்குகிறது.

இப்படி மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் முடிவு எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். 2013-இல் தின்காவும் விக்லண்டும் கூட்டாளிகளும் மேற்கு யூரேசியா முழுவதிலிருந்தும் திரட்டிய மாதிரிகளின் டிஎன்ஏவையும், மூன்று இனங்களின் இணைசேர்ப்புச் சோதனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மரபணு பிரித்துக்காட்டிய மூன்றையே பெண்களும் பிரித்துக்காட்டின. ஐரோப்பாவில் இதற்குமேல் நான்காவது ஒளிந்திருக்க வாய்ப்பில்லை என்றும் முடிவுக்கு வந்தார்கள். பிரிப்பது எப்படியோ, அப்படியே நிறுத்திக்கொள்வதும் சான்றைக் கொண்டுதான்.

நிறுத்திக்கொள்ளத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சினாபிஸே எடுத்துக்காட்டு. வண்ணத்துப்பூச்சிகளில் 31 இணை குரோமோசோம்கள் இருப்பதுதான் பெருவழக்கு. நெருங்கிய இனங்களில் எண்ணிக்கை மாறினால் அதை இனப் பிரிவின் அடையாளமாகக் கொள்வார்கள். சினாபிஸின் குரோமோசோம்களை லுக்தானவ் குழு எண்ணியபோது ஸ்பெயினில் 106 இருந்தது. கிழக்கே போகப் போகக் குறைந்து, கிழக்கு கஜகஸ்தானில் 56 ஆனது. சுமார் 6000 கிலோமீட்டர் தூரத்துக்குப் படிப்படியாக இறங்கும் சரிவு அது. இரண்டு கோடிகளில் மட்டும் மாதிரி எடுத்திருந்தால் எவரும் தயங்காமல் இரண்டு இனம் என்று எழுதியிருப்பார்கள். நடுவில் இருக்கும் படிகள் எல்லாம் கண்ணில் பட்டதால் அது ஒரே இனம் என்று புரிந்தது.

அதற்குப் பின்னால் இருக்கும் இயங்குமுறையும் தெரிந்தது. நம் குரோமோசோமில், உயிரணு பிரியும்போது இழுக்கப்படும் பிடி ஒரே இடத்தில் இருக்கிறது. உடைந்தால் பிடியில்லாத துண்டு தொலைந்துபோகும். வண்ணத்துப்பூச்சியின் குரோமோசோமில் அந்தப் பிடி நீளம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆகவே உடைந்தாலும் ஒட்டினாலும் துண்டுகள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர வழி உண்டு. குறைந்தது 24 உடைப்பு, ஒட்டுகளால் வேறுபட்ட இரண்டு வகைச் சினாபிஸ்களைக் கலந்து நான்கு தலைமுறைவரை வளர்த்துப் பார்த்தார்கள். கலப்பினங்களின் இனப்பெருக்கத் திறன் கலக்காதவற்றைப் போல 42 சதவீதம் இருந்தது என்று 2018-இல் எழுதினார்கள். மலடாகிவிடும் என்று கோட்பாடு சொன்ன இடத்தில் இது பெரிய அளவு. ஆக, ஜுவெர்னிகாவையும் ரியாலியையும் பிரிக்க உதவிய அதே குரோமோசோம் எண், சினாபிஸுக்குள் பிரிவினைக்கு ஆதாரம் ஆகாது.

டிஎன்ஏவைப் படித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் அதுபோலவே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2003-இல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு ஒரு குறிப்பிட்ட மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டைக் கொண்டு எந்த விலங்கையும் அடையாளம் காணலாம் என்று முன்மொழிந்தபோது, வகைப்பாட்டு உலகம் பரபரத்தது. டிஎன்ஏ பார்கோடு என்று அது பெயர் பெற்றது. பெரும்பாலான இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி யூரேமா ஹெகாபேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஹெகாபே என்று ஒரே பெயரில் வழங்கிவந்ததற்குள் இரண்டு இனம் இருப்பது இறக்கையோர மயிரின் நிறத்திலும், புழுவின் உணவிலும், இணைசேர்ப்பிலும் தெரிந்தது. ஒன்று இன்று யூரேமா மாண்டரினா என்று தனியே நிற்கிறது. உட்கரு மரபணு இரண்டையும் பிரித்துக்காட்ட, மைட்டோகாண்ட்ரியா மட்டும் பிரித்துக்காட்டவில்லை. காரணம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. அது தாய் வழியே முட்டைக்குள் புகுந்து பரவும்; மைட்டோகாண்ட்ரியாவும் தாய் வழியேதான் போகும். எப்போதோ நடந்த ஓர் அரிய கலப்பில் பாக்டீரியா இனம் தாண்டியபோது, மைட்டோகாண்ட்ரியாவையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பார்கோடை மட்டும் படிப்பவருக்கு அங்கே இரண்டு இனம் ஒன்றாகத் தெரியும்.

ஜுவெர்னிகா பிறந்த விதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். இறக்கை, உறுப்பு, குரோமோசோம், டிஎன்ஏ என்று ஒவ்வொரு கருவியும் ஓர் இடத்தில் உண்மை சொல்லி, இன்னோர் இடத்தில் தவறியது. எந்த ஒன்றையும் நீதிபதியாக வைக்க முடியவில்லை. ஒன்றை ஒன்று சாராத சான்றுகள் பல ஒரே திசையைக் காட்டியபோதுதான் இனம் என்று சொல்ல முடிந்தது. அந்தச் சான்றுகளில் பூச்சிகள் தமக்குள் செய்யும் தேர்வும் ஒன்றாக இருந்தது. பெயர் வைப்பது எளிது. அது இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பிரிவின் மேல் சரியாகப் போய் உட்காரவேண்டும். அதற்கு 253 ஆண்டு ஆனதென்றால் அது வீணாய்ப்போன காலம் அல்ல, அத்தனை தலைமுறைகளின் கூட்டு உழைப்பு.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பூச்சி குறைகிறது, இன்னொன்று பரவுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் எண்ணினால் கூட்டிக் கழித்து நிலைமை சரியாக இருப்பதாகத் தோன்றும். குறைவதைக் காப்பாற்ற நமக்குக் கிடைத்த காலம் அந்தக் கணக்குக்குள் கரைந்துபோகும். அயர்லாந்தின் மேற்குப் பாறை வெளிச் சினாபிஸுக்குத் தனி எண்ணிக்கை, தனி அக்கறை கிடைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இறக்கைக் கோட்டில் மயிரிழை வேறுபாட்டோடு பறக்கும் பூச்சிகள் ஏராளம். நீலச் சிறகன்களிலும் துள்ளிகளிலும் படம் மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாதவை பல.

இன்று கையில் கேமராவோடு மலையேறும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முழுப் பெயர் எழுதிவிடவேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஐரோப்பாவின் தேர்ந்த பதிவாளர்கள் காட்டு வெள்ளை விஷயத்தில் வேறொன்று செய்கிறார்கள். மூன்று இனத்தில் எதுவாகவும் இருக்கக்கூடிய இடத்தில், உறுப்பையோ டிஎன்ஏவையோ பார்க்காதபோது, சினாபிஸ் தொகுதி என்று மட்டும் எழுதுகிறார்கள். அந்தப் பதிவு நாளைக்கும் உண்மையாக இருக்கும். ஊகித்து எழுதிய இனப்பெயர் நாளைக்குப் பொய்யாகிவிட்டால், அதை நம்பிப் போட்ட பரவல் வரைபடமும் பொய்யாகும். நாம் பார்த்த இடம், நாள், புழு தின்ற செடி, பூச்சி நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைத் துல்லியமாக எழுதுவோம். இனம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துவோம். இன்னும் பெயரில்லாமல் நம் மலைகளில் பறப்பவை ஏட்டில் பிறக்கும் நாளில், அந்தக் குறிப்புகள்தான் அவற்றுக்கு ஆதாரமாகக் கைகொடுக்கும்.